கடல் வற்றினால் நடந்து போகும் கலங்கரை விளக்கம்: இராமேசுவரம் வருவோர் இதற்குப் பணம் கட்ட வேண்டாம்

இராமேசுவரத்துக்குக் குடும்பத்தோடு வருபவர்களிடம், ‘கடல் வற்றும் நேரத்தில் மட்டுமே நடந்து சென்று பார்க்கக்கூடிய பழமையான கலங்கரை விளக்கம்’ என்று விளம்பரம் காட்டி ஆளுக்கு 1,200 ரூபாய் வாங்கும் ஒரு சுற்றுலா முகவர், மதுரையிலிருந்து சென்ற எங்களை ஏமாற்றியதோடு, என் சித்தப்பாவின் காலில் காயம் படவும் காரணமானார். இதே விளம்பரத்தை வேறு பெயர்களிலும் இப்போது பார்க்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பாம்பன் கால்வாயை ஒட்டிய பழைய கலங்கரை விளக்கம் தரையில்தான் நிற்கிறது. சாலைப் பாலத்தைக் கடக்கும்போதே அது கண்ணுக்குத் தெரியும். தனுஷ்கோடியில் அண்மைக் காலத்தில் கட்டப்பட்டதும், கீழக்கரையில் இருப்பதும் அப்படியே. இவற்றில் எதற்கும் கடல் வற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் இருந்த படத்தை என் தங்கை மகள் பிறகு கைபேசியில் தேடிப் பார்த்தபோது, அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிரசன்ட் சிட்டி என்னும் ஊரில் 1856-இல் முதன்முதலில் விளக்கேற்றப்பட்ட பேட்டரி பாயின்ட் கலங்கரை விளக்கம் என்று தெரிந்தது. வீட்டின் கூரையிலிருந்தே கோபுரம் எழும் அமைப்பு அதற்கு உண்டு. ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காது. அங்கே ஓதத்தின், அதாவது நாள்தோறும் கடல் நீர் ஏறி வடிவதன், ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 2 மீட்டர் என்பதால் நீர் வடிந்ததும் வழி திறக்கிறது; பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரமும் அதைப் பொறுத்தே அமைகிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக் கூட எட்டுவதில்லை.

முன்பணத்தை யுபிஐ வழியாகப் பெற்றுக்கொண்ட முகவர், மறுநாள் காலை எங்களை ஒரு வேனில் பாம்பனுக்குத் தெற்கே ஒரு கரையில் இறக்கிவிட்டார். வழிகாட்டி என்று வந்த இளைஞரிடம் அடையாள அட்டையோ, முதலுதவிப் பெட்டியோ இல்லை. படகுகளுக்கு வழி காட்டக் கடலுக்குள் நட்டிருந்த ஒரு கம்பத்தைச் சுட்டி, அதைத் தாண்டியதும் கலங்கரை விளக்கம் தெரியும் என்று சொல்லி நடக்கச் சொன்னார். நீர் முழங்காலுக்கு ஏறியபோதும், ‘இன்னும் சற்று நேரத்தில் வற்றிவிடும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போகும் வழியில் அடியிலிருந்து ஒரு பவளத் துண்டைப் பெயர்த்து, நினைவாக வைத்துக்கொள்ளும்படி என் தங்கை மகளிடம் நீட்டினார். அவள் வாங்க மறுத்துவிட்டாள். அடுத்த சில அடிகளில் பாறையில் ஒட்டியிருந்த மூரை என்னும் கூரிய ஓட்டுயிரி கிழித்து, சித்தப்பாவின் பாதத்திலிருந்து இரத்தம் வழியத் தொடங்கியது.

அப்போது அங்கே கடற்பாசி எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் எங்களை நோக்கி விரைந்து வந்தார். பாறை அறுக்காமல் இருக்க அவர் விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றியிருந்தார். அந்தக் கையாலேயே சித்தப்பாவைப் பிடித்து நிறுத்தி, ‘தம்பி, வயசானவங்கள இந்தப் பாருல (கடலடிப் பாறையில) நடக்க விடாதீங்க. திருக்கை மண்ணுக்குள்ள படுத்துக் கெடக்கும், மிதிச்சா முள்ள ஏத்திரும்’ என்றார். கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு, இந்தப் பக்கம் அப்படி எதுவும் இல்லை என்றார். அந்த அக்காவுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

கரைக்குத் திரும்பியதும் வழிகாட்டி, ஆளுக்கு இன்னும் 500 ரூபாய் கொடுத்தால் வள்ளத்தில் பக்கத்துத் தீவுக்கு அழைத்துப் போவதாகப் பேரம் பேசினார். நாங்கள் மறுத்து, கட்டிய பணத்தைக் கேட்டபோது முகவர் தொலைபேசியில் சொன்ன பதில் இதுதான்: ‘கடல் வத்தலைன்னா நாங்க என்ன சார் பண்ண முடியும்?’ ஆனால் அவர்களுடைய ரசீதிலேயே ‘தினமும் காலை 10 மணி’ என்று அச்சிட்டிருக்கிறது. ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 10 மணிக்கு வற்றியிருக்கும் கடல் ஒரு வாரத்தில் அதே 10 மணிக்கு ஏறி நிற்கும். செய்திகளில் நாம் படிக்கும் ‘கடல் உள்வாங்கியது’ என்பதும் காற்று போன்றவற்றைப் பொறுத்து நிகழ்வதே தவிர, எவரும் மணி குறித்து விற்கக்கூடியதன்று. கடலைப் பற்றி ஓரளவு தெரிந்த எவரும் தினமும் ஒரே நேரத்தை அச்சிட மாட்டார்கள்.

வள்ளத்தில் ஏறியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிதாகியிருக்கும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதியின்றித் தீவில் இறங்கினால் பயணி மீதும் நடவடிக்கை வரும். பவளமும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. பையில் வைத்திருந்தாலே குற்றம். கடலையும் தீவையும் பார்க்க விரும்புவோருக்கு வனத்துறையே பிரப்பன்வலசையிலும் காரங்காட்டிலும் குருசடைத் தீவுக்கும் சூழல் சுற்றுலா நடத்துகிறது. புறப்படுமுன் அன்றைக்குப் படகு உண்டா என்று வனத்துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, விளம்பரப் படம், யுபிஐ பரிவர்த்தனை விவரம் ஆகியவற்றைச் சேமித்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நான் புகார் பதிந்திருக்கிறேன். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கடலுக்குள் கொண்டுபோய்ப் பணம் கேட்டு மிரட்டினால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.