கார்ட் பிளகின் நல்லதுதான், ஆனால் அந்த ‘ஜி ஷார்ப் மேஜர்’!

கணினியில் இசையமைக்கும்போது கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, அமைத்துத் தரும் துணை மென்பொருள்தான் கார்ட் பிளகின். நான் வெகுநாளாகப் பயன்படுத்தும் ஒன்று இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். “பீட் போடத் தெரியும், தியரிதான் தகராறு. இதை வாங்கினால் கற்றுக்கொள்ளலாமா?” என்று நண்பர் கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் முழு கார்ட், ஸ்கேலுக்கு வெளியே உள்ள சுரங்களைத் தடுக்கும் ஸ்கேல் பூட்டு, மிடியை (வாசித்த சுரங்களின் கணினிப் பதிவை) இழுத்துப் போடும் வசதி எல்லாம் இந்த வகைப் பிளகின் எதிலும் இருப்பதுதான். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்வெர்ஷனை, அதாவது கார்டில் எந்தச் சுரம் கீழே, எது மேலே என்ற அடுக்கை, தானே பார்த்துக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர் என்று வாசித்தால் மூன்று சுரங்களும் கூட்டமாகத் தாவும். பொத்தானைப் போட்டுவிட்டு, சுரங்களைக் கோடுகளாகக் காட்டும் பியானோ ரோலைப் பாருங்கள். சி, ஈ, ஜி மூன்றில் ஜி மட்டும் ஏ-வுக்கு ஏறுகிறது, ஏ மைனர் வந்துவிட்டது. அடுத்து ஈ மட்டும் எஃப்புக்கு நகர்கிறது, எஃப் மேஜர். சி அசையவே இல்லை. ஒரு கார்டின் சுரங்கள் அடுத்த கார்டுக்கு எப்படி நகர வேண்டும் என்கிற வாய்ஸ் லீடிங் பற்றி எத்தனையோ வீடியோ பார்த்தும் மண்டையில் ஏறாதது, இரண்டு சுரம் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்ததும் ஏறிவிட்டது. இப்போதெல்லாம் ஸ்ட்ரிங்ஸ் எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பக்கத்துச் சுரத்தைத் தேடுகிறது. இதற்கு மட்டும் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சல். இந்தப் பிளகினுக்கு ஃபிளாட் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே கறுப்புக் கட்டையைக் கீழ்ச் சுரத்தின் ஷார்ப் என்றும் சொல்லலாம், மேல் சுரத்தின் ஃபிளாட் என்றும் சொல்லலாம்; எது சரி என்பதை ஸ்கேல்தான் முடிவு செய்யும். இதற்கோ கறுப்புக் கட்டை எதுவானாலும் ஷார்ப்தான். சி மைனர் ஸ்கேலைப் பூட்டினால் திரையில் வருவது: சி, டி, டி ஷார்ப், எஃப், ஜி, ஜி ஷார்ப், ஏ ஷார்ப். டி-யும் ஜி-யும் இரண்டிரண்டு, ஈ-யும் பி-யும் காணோம். கார்ட் என்பது ஓர் எழுத்து விட்டு ஓர் எழுத்தாக அடுக்குவது என்று ஒருவர் அன்றுதான் கற்றிருப்பார். அவரிடம் போய் சி, ஈ ஃபிளாட், ஜி என்பதை சி, டி ஷார்ப், ஜி என்று காட்டினால் அவர் எதை நம்புவார்?

மிடியின் மேல் பழி போடலாம். 1983-இல் வந்த அந்த முறையில் சுரத்துக்குப் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். டி ஷார்ப்பும் ஈ ஃபிளாட்டும் அதற்கு ஒன்றே. ஆனால் ஸ்கேல் சி மைனர் என்று நான்தானே பிளகினிடம் சொன்னேன்? தெரிந்துகொண்டே தப்பாகக் காட்டுகிறது. சி-யை சட்ஜமாக வைத்தால் அந்த டி ஷார்ப் கட்டையே, சி மைனருக்கு இணையான நடபைரவி ராகத்தில் சாதாரண காந்தாரம், சலநாட்டை ராகத்தில் ஷட்சுருதி ரிஷபம். நடபைரவியில் காந்தாரமே இல்லை, ரிஷபம்தான் இரண்டு என்று யாராவது சொன்னால் சும்மா விடுவோமா?

ஒரு ரெக்கார்டிங்குக்கு இதிலிருந்து எடுத்த கார்ட் வரிசையை அப்படியே அனுப்பினேன். கீபோர்ட் வாசிப்பவர் “சி மைனர் பாட்டில் ஜி ஷார்ப் மேஜர் எங்கிருந்து சார் வந்தது?” என்று கேட்டார். ஏ ஃபிளாட் மேஜர் என்று ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. தயாரிப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதற்கப்புறம் வந்த அப்டேட்டில் திரையின் நிறம்தான் மாறியது.

ஸ்கேல் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சி மைனரில் அது ஜி மைனரைத்தான் தரும். சி மைனருக்கு அழுத்தமாகத் திரும்ப நமக்கு வேண்டியது ஜி மேஜர். அதற்குத் தேவையான பி பூட்டுக்கு வெளியே நிற்கிறது. பூட்டைத் திறந்தால் போதும், அதனால் இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

இன்றும் திறக்கும் ஒவ்வொரு பிராஜெக்டிலும் இதை முதலில் போடுகிறேன், நீக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன், பாதி விலையானாலும். காதால் மட்டும் கேட்டு டிராக் போடுபவர் தாராளமாக வாங்கலாம். அவர் கேட்டது தியரிக்கு. ஃபிளாட் எப்போது வருகிறதோ, அப்போது நானே அவருக்கு போன் போடுகிறேன்.