ஒரு பெலிட், மூன்று மரணங்கள்

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட், கோனன் என்ற காட்டுமிராண்டி வீரனை வைத்து எழுதிய கதைகளில் ஒன்றான ‘குயின் ஆஃப் த பிளாக் கோஸ்ட்’ 1934 மே மாத ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையில் வந்தது. ஐந்தே அத்தியாயம். அர்கோஸ் நாட்டில் ஒரு நீதிபதியை வெட்டிவிட்டு ஓடிவரும் கோனன், துறைமுகத்திலிருந்து கிளம்பும் வணிகக் கப்பலில் தாவி ஏறுகிறான். நடுக்கடலில் பெலிட் என்ற கொள்ளைக்காரி அந்தக் கப்பலை மறிக்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் செத்து விழ, இவன் மட்டும் நின்று சண்டை போடுவதைப் பார்த்து மயங்கி, அவனைத் தன் துணையாக்கிக்கொள்கிறாள். அப்புறம் ஸார்கேபா என்ற விஷ ஆறு, இடிந்த நகரம், புதையல், அங்கே காத்திருக்கும் இறக்கை முளைத்த கோர உயிர். பெலிட் சாகிறாள். (90 வருடக் கதை, கடைசியைச் சொல்லிவிட்டான் என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.)

கதையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. இருவரும் சந்திப்பது விரிவாக வருகிறது, அவள் சாவது விரிவாக வருகிறது; நடுவில் சேர்ந்து கடலை ஆண்ட காலம் மட்டும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. உரைநடையில் ஹோவர்ட் அதைத் தன் நடையின் வேகத்தால் கடந்துவிடுகிறார். காமிக்ஸில் அது அவ்வளவு சுலபமில்லை. பத்துப் பக்கம் முன்னால் அறிமுகமானவள் பாய்மர விட்டத்தில் பிணமாகத் தொங்கினால், ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இந்த இடைவெளியை என்ன செய்வது என்பதற்கு மூன்று அணிகள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

மார்வெலில் ராய் தாமஸ் எழுதி, பெரும்பாலும் ஜான் பியூசெமா வரைந்தது முதலாவது. ‘கோனன் த பார்பேரியன்’ 58ஆம் இதழில், 1976 ஜனவரியில், பெலிட் வருகிறாள். சாவது 100ஆம் இதழில், 1979 ஜூலையில். அந்தச் சில வரிகளுக்குள் தாமஸ் மூன்றரை வருடத்தைத் திணித்துவிட்டார். பெலிட்டுக்குத் தந்தை, பறிபோன சிம்மாசனம், ஸ்டிஜியா என்ற நாட்டின் மீது தீராத வன்மம் என்று ஒரு முழுப் பின்கதை. ஹோவர்ட் வேறு கதைகளில் கோனனின் கடல் பெயராகப் போகிறபோக்கில் சொன்ன ‘அம்ரா’வுக்குக்கூட ஒரு தனிக் கதை கிடைத்தது. இதில் கணிசமான பகுதி இழுவைதான். இந்த மாத அரக்கன், அடுத்த மாத மந்திரவாதி என்று போகும் இதழ்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு மாதாமாதம் கடையில் வாங்கிப் படித்தவனுக்கு 100ஆம் இதழ் எப்படி இருந்திருக்கும்! பள்ளியில் தொடங்கிக் கல்லூரி வரை கூடவே வந்த ஒருத்தி போய்விடுகிறாள். கதைக்கு வேண்டிய காலத்தை ஓவியத்தில் தேடாமல் நாள்காட்டியிலிருந்தே எடுத்துக்கொண்டார் தாமஸ். இன்று மொத்தத் தொகுப்பாக வாங்கி ஒரு வாரத்தில் முடிப்பவருக்கு இதில் பாதி கிடைக்காது.

இன்னொரு குறை, அது காமிக்ஸ் கோட் (அமெரிக்க காமிக்ஸ் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட தணிக்கை விதிகள்) முத்திரையோடு வந்த வண்ண இதழ். ஹோவர்ட் எழுதிய காமமும் ரத்தமும் அங்கே அடக்கித்தான் வாசிக்கப்பட்டன. கோட் கட்டுப்படுத்தாத ‘சாவேஜ் ஸ்வோர்ட்’ என்ற கறுப்பு வெள்ளைப் பத்திரிகையையும் அதே மார்வெல்தான் அப்போது நடத்திக்கொண்டிருந்தது. பெலிட் அந்தப் பக்கம் போயிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு.

இரண்டாவது, 2012இல் டார்க் ஹார்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் இதே கதையை 25 இதழ்களாக எடுத்தது. எழுத்து பிரையன் உட். முதல் மூன்று இதழ்களின் ஓவியம் பெக்கி கிளூனன், வண்ணம் டேவ் ஸ்டீவர்ட். அந்த மூன்று இதழ்களும் சந்திப்புப் பகுதியை மட்டும் சொல்கின்றன, அபாரமாகச் சொல்கின்றன. பியூசெமாவின் கோனன் ஒரு மலை. கிளூனனின் கோனன் ஒல்லியான, கொஞ்சம் திமிர் பிடித்த இளைஞன். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு இந்தக் கோனன்தான் சரியாகப்பட்டது: இவனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்துத் தலை கிறுகிறுக்க முடியும். பெலிட்டும் வெளிறிய முகமும் கறுத்த கூந்தலுமாக, ஆசையும் ஆபத்தும் ஒரே ஆளில் தெரியும்படி இருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஓவியர்கள் மாறிக்கொண்டே போகிறார்கள். உட் அந்த இடைவெளியைச் சாகசத்தால் நிரப்பாமல் காதலர்களின் உறவால் நிரப்பப் பார்க்கிறார். பெலிட்டைக் கோனனின் சொந்த நாடான சிமேரியாவுக்கே கூட்டிப்போகிறார். நல்ல யோசனை. ஆனால் கோனன் அடிக்கடி தன்னைத்தானே ஆராய்ந்து வருந்துகிறான். ‘வாழ்கிறேன், எரிகிறேன், போதும்’ என்கிற தோரணையில் இதே கதையில் பேசியவன் இவன். அந்த ஆளுக்கு இவ்வளவு மனக்குழப்பம் ஒட்டவில்லை.

மூன்றாவது பிரெஞ்சுப் பதிப்பகமான கிளேனாவுடையது. ஹோவர்ட் இறந்தது 1936இல். 70 வருடம் கழிந்ததும் ஐரோப்பாவில் அவர் கதைகள் பொதுவுடைமையாகிவிட்டன. அதனால் கிளேனா ஒரு கதைக்கு ஓர் ஆல்பம், ஆல்பத்துக்கு ஓர் அணி என்று 2018இல் ஒரு வரிசையைத் தொடங்கியது. ஜான் டேவிட் மோர்வான் எழுத, பியர் அலாரி வரைந்தது இந்தக் கதை. இவர்கள் இடைவெளியை இடைவெளியாகவே விட்டுவிட்டார்கள். ஹோவர்ட் எப்படித் தாவினாரோ அப்படியே இவர்களும் தாவுகிறார்கள். அனிமேஷன் படச் சாயலில் ஓடும் கோடுகள், பெரிய பக்கம், தடித்த வண்ணங்கள். கறுப்புத் தாமரை மயக்கத்தில் கோனன் காணும் கனவு, அதாவது அழகான இறக்கை மனிதர்கள் யுகம் யுகமாகச் சிதைந்து ஒரே ஒரு பேயாக எஞ்சும் கதை, ஓவியருக்குப் பெரிய தீனி. அங்கே ஹோவர்டின் வாக்கியங்களை அப்படியே கட்டங்களில் நிரப்பும் தாமஸின் பழக்கத்தைவிட, படத்தை நம்பும் இந்த ஆல்பத்தின் வழிதான் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் பெலிட்டின் மரணம்? கோபம் வருகிறது, அதிர்ச்சி வருகிறது, துக்கம் வரவில்லை.

கறுப்பின மாலுமிகள் வெள்ளைத்தோல் பெலிட்டைத் தெய்வமாகக் கும்பிடுவதை மூவருமே முழுதாகச் சமாளிக்கவில்லை. 1930களின் பல்ப் பத்திரிகைகளின் (மலிவுத் தாளில் வந்த சாகசக் கதை இதழ்கள்) பார்வை கதையின் எலும்பிலேயே இருக்கிறது. மேலே பூசினால் போகாது.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் கிளேனா ஆல்பத்தை எடுங்கள். ஏப்லேஸ் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பும் உண்டு. கதை முழுதாக, ஹோவர்டின் வேகத்திலேயே கிடைக்கும். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டார்க் ஹார்ஸின் முதல் தொகுப்பு. அதில் கிளூனனின் மூன்று இதழ்களோடு ஜேம்ஸ் ஹாரன் வரைந்த அடுத்த மூன்றும் சேர்ந்தே வரும், அவையும் மோசமில்லை. மார்வெலைத் தொடுவதாக இருந்தால் மட்டும் ஒரு வேண்டுகோள்: 100ஆம் இதழை முதலில் தேடிப் படித்துவிடாதீர்கள். 58இல் தொடங்கி, மாதத்துக்கு ஒன்று இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒன்றாகப் படியுங்கள்.