டாக்கிங் பிக்சர்ஸ் டிவி: துணைப்படங்களுக்கென்று ஓர் அலைவரிசை

பழைய பிரிட்டிஷ் படம் என்றதும் இயக்குநர் டேவிட் லீனையும் லண்டனின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த நகைச்சுவைப் படங்களையும் மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு, பழைய படங்களைக் காட்டும் பிரிட்டிஷ் தொலைக்காட்சியான டாக்கிங் பிக்சர்ஸ் டிவியைப் பார்க்கத் தொடங்குபவர் முதலில் சற்று ஏமாறலாம். அத்தகைய படங்களும் இடையிடையே வரத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றை வேறு இடங்களிலும் தேடிப் பார்த்துவிட முடியும். எந்தத் திரைப்பட வரலாற்று நூலிலும் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாத, ஒரு மணி நேரத்திற்குச் சற்று கூடுதலாக மட்டுமே ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களை நாள்தோறும் காட்டுவதுதான் இந்த அலைவரிசையின் தனிச்சிறப்பு.

நோயல் குரோனினும் அவருடைய மகள் சாரா குரோனின்-ஸ்டான்லியும் 2015 மே மாதத்தில் தொடங்கிய இந்த அலைவரிசை, ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள குடும்ப வீட்டிலிருந்து நடத்தப்பட்டு வளர்ந்தது. திரைத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய நோயல், மற்றவர்கள் பொருட்படுத்தாத படங்களின் உரிமைகளை வாங்கிச் சேர்த்துவந்தவர். அலஸ்டெயர் சிம் நடித்த 1951ஆம் ஆண்டின் ‘ஸ்க்ரூஜ்’ படத்தை வெளியிட்ட ரினௌன் பிக்சர்ஸின் பெயரும் இன்று இக்குடும்பத்திடமே இருக்கிறது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே, கணக்கர்கள் கூடி வகுத்ததன்று, ஆசைப்பட்டுச் சேர்த்தவர் வகுத்தது என்பது விளங்கும்.

இச்சிறு படங்கள் ஏன் இத்தனை எடுக்கப்பட்டன என்பதை அறிந்துகொண்டு பார்த்தால் சுவை கூடும். அமெரிக்கப் படங்கள் பிரிட்டனின் திரையரங்குகளை நிறைத்திருந்த காலத்தில், குறிப்பிட்ட விகிதத்தில் உள்நாட்டுப் படங்களையும் வாங்கி வெளியிட்டாக வேண்டும் என்று 1927ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் விதித்தது. விதியை நிறைவேற்றினால் போதும் என்று நினைத்த அமெரிக்க நிறுவனங்கள், படச்சுருளின் ஓர் அடிக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கில் அவசரப் படங்களை எடுக்கச் செய்தன. தரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் பின்னாளில் புகழ்பெற்ற மைக்கேல் பவல் போன்ற இயக்குநர் தொழில் பழகியது இந்தப் படங்களில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும், ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் நீடித்ததால், முதன்மைப் படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்கான துணைப்படங்களின் தேவை 1960களின் நடுப்பகுதிவரை குறையவில்லை.

அந்தத் துணைப்படங்களில் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு கொலை, மழைக்கோட்டு அணிந்த ஓர் ஆய்வாளர், கடைசி ஐந்து நிமிடங்களில் ஒரு துரத்தல். நான் கதையை விட்டுவிட்டுப் பின்புலத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகே இவற்றில் ஆழ்ந்தேன். அரங்கு அமைக்கப் பணமில்லாத தயாரிப்பாளர் காமிராவைத் தெருவுக்குக் கொண்டுபோனதால், குண்டுவீச்சில் இடிந்து புல் முளைத்த லண்டன் மனைகளும், 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்கு முந்தைய நிலக்கரிப் புகையில் கறுத்துப்போன சுவர்களும், தேம்ஸ் கரையின் பாரந்தூக்கிகளும் எவரும் திட்டமிடாமலே பதிவாகிவிட்டன. ஈலிங் தயாரிப்பான ‘ஹியூ அண்ட் கிரை’ (1947) அத்தகைய இடிபாடுகளைத் தெரிந்தே களமாக்கிய படம். சிறு படங்களிலோ அவை தற்செயலாக நிற்கின்றன, அதனாலேயே கூடுதலாக நம்பவைக்கின்றன. முகங்களும் அப்படியே. 200க்கும் மேற்பட்ட படங்களில் தலைகாட்டிய சாம் கிட், ஹேமர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் திகில் படங்களில் நிரந்தர விடுதிக்காரராகத் தோன்றும் மைக்கேல் ரிப்பர் ஆகியோர் சில வாரங்களில் நமக்குத் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள். நாயகனின் பெயர் மறந்துபோகும், இவர்கள் மறப்பதில்லை.

புதிதாகப் பார்ப்பவருக்கு, குற்றக்கதை எழுத்தாளர் எட்கர் வாலஸின் பெயரில் வந்த மர்மப் படங்களையே நான் பரிந்துரைப்பேன். தெற்கு லண்டனின் மெர்ட்டன் பார்க் ஸ்டூடியோவில் 1960களின் முற்பகுதியில் எடுக்கப்பட்ட இவ்வரிசை, புகை சூழ மெல்லச் சுழலும் வாலஸின் மார்பளவுச் சிலையோடு தொடங்கும். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே என்பதால், பிடிக்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை. வெள்ளி இரவுகளில், ஹேமர் படங்களில் நடித்த கரோலின் மன்றோ அறிமுகப்படுத்தும் ‘செல்லார் கிளப்’ திகில் படங்களும் உண்டு. அவற்றில் படத்தைக் காட்டிலும் அவருடைய முன்னுரை நன்றாக இருக்கும் இரவுகள் சில.

நம்மவர்கள் சற்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்க வேண்டியவையும் பழைய பிரிட்டிஷ் சினிமாவில் ஏராளம். முகத்தில் மை பூசிய வெள்ளையர்கள் இந்தியர்களாக நடிப்பதும், பேரரசின் படைகள் கேள்வியின்றி நல்லவர்களாக இருப்பதும் அக்காலத்தின் இயல்பு. மைசூரில் பிறந்த சாபு நடித்த ‘தி டிரம்’ (1938) சென்னையிலும் பம்பாயிலும் எதிர்ப்பைச் சந்தித்தது நினைவுகூரத்தக்கது. அதில் குல் என்ற இளவரசராக நடித்தவரும் கனடாவில் பிறந்த வெள்ளையரான ரேமண்ட் மாஸிதான். பழைய தொடர் ஒன்றில் இடம்பெற்ற இனவெறிச் சொற்களுக்காக, ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் இந்த அலைவரிசை விதியை மீறியதாகக் கண்டதும் உண்டு. இத்தகைய படங்களை வெட்டாமல், முன்னெச்சரிக்கையோடு முழுமையாகக் காட்டுவதே நேர்மையானது என்பது என் கருத்து. வெட்டிவிட்டால், நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கான சான்றும் சேர்ந்தே போய்விடும்.

கட்டணமில்லாத அலைவரிசை என்பதால் விளம்பர இடைவேளைகள் தவிர்க்க முடியாதவை. அறுபது நிமிடப் படத்தின் இறுக்கத்தை அவை குலைக்கத்தான் செய்கின்றன. பிரதிகளின் தரமும் படத்துக்குப் படம் மாறும்: சில புதுப்பிக்கப்பட்ட துல்லியத்தோடு மின்னும், சிலவற்றில் கீறல்களும் ஒலியின் கரகரப்பும் அப்படியே இருக்கும். ஆங்கில உச்சரிப்பின் வேகத்துக்குப் பழகாத காது அந்தக் கரகரப்பில் பல வசனங்களைத் தவறவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்கள் இதே குடும்பத்தின் ‘என்கோர்’ இணையச் சேவையில் கட்டணமின்றிப் பதிவுசெய்துகொண்டு, தெரிந்தெடுத்த படங்களைத் தங்களுக்கு வசதியான நேரத்தில் பார்க்கலாம். நள்ளிரவுக்குப் பின்னர் ஒளிபரப்பாகும் படங்களுக்காக விழித்திருக்க இயலாதவர்களுக்கு அதுவே நல்ல வழி.