போகியா, கொண்டோவா, அட்டைப்பெட்டியா: வீட்டுச் சாமானைக் குறைக்க எது நல்ல வழி?

எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் வார்த்தை "இருக்கட்டும்". கைப்பிடி உடைந்த வாணலி இருக்கட்டும். காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கட்டும். கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள், ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்தது முப்பதாவது இருக்கும், அதுவும் இருக்கட்டும். சென்னையில் இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு எங்களுடையது. மூன்று வருடத்துக்கு முன் கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு, கணவரின் அம்மா, எனக்கு அத்தை, எங்களோடு வந்து சேர்ந்தார். அவருடைய ஐம்பது வருடக் குடித்தனமும் ஒரு மினி லாரியில் கூடவே வந்தது. அதற்குப் பிறகு பீரோ திறந்தால் மூடாது. காலையில் டிபன் பாக்ஸ் மூடியைத் தேடுவதிலேயே பத்து நிமிடம் போகும்.

அப்போதிலிருந்து நான்கு வழிகளை முயன்று பார்த்துவிட்டோம். எது எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்பதைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: முழு வீட்டுக்கும் ஒரே வழி என்று எதுவும் எங்களுக்குச் சரிவரவில்லை.

போகி நமக்குப் பழகிய வழி. மார்கழிக் கடைசி நாள் விடிவதற்குள் வேண்டாதது வெளியே போயாக வேண்டும். தேதி குறித்த வேலை என்பதால் தள்ளிப்போட முடியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது பரணை இறக்கி, ஒட்டடை அடித்து, சாமானைத் துடைத்து ஏற்றுகிறோம் என்றால் அது போகியின் புண்ணியம்தான். முன்பெல்லாம் தீயில் போனவை கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், இற்றுப்போன முறம். இப்போது நைலான் பாயும் பிளாஸ்டிக் துடைப்பமும் டயரும் எரிகின்றன. 2018 போகியன்று காலை புகையும் பனியும் சேர்ந்துகொண்டு, சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. கொளுத்துவதை நிறுத்திவிட்டு, கழிப்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரே இரவில் கழிப்பதும் ஆபத்துதான். ஒரு போகிக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு அலமாரியைக் காலி செய்தேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு கட்டுக் காகிதத்தை அப்படியே பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பையனைப் பள்ளியில் சேர்க்கும்போதுதான் தெரிந்தது, அவனுடைய தடுப்பூசி அட்டை அதற்குள் போயிருக்கிறது என்று. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் தேதி போட்டு எழுதி வாங்கிய அட்டை. அதிலிருந்து காகிதத்தைப் போகி வேலையில் சேர்ப்பதே இல்லை. பத்திரம், பட்டா, மார்க்‌ஷீட், மருத்துவச் சீட்டு எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு பகல், நல்ல வெளிச்சத்தில், இரண்டு பேர் உட்கார்ந்து பிரிப்பது என்று வைத்திருக்கிறோம்.

அடுத்தது கொண்டோ முறை. ஜப்பானின் மரி கொண்டோ சொல்லும் வழி 2019இல் நெட்பிளிக்ஸில் தொடராக வந்த பிறகு நம் ஊர் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அறை அறையாக ஒழுங்கு செய்யக் கூடாது, வகை வகையாகச் செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. முதலில் துணி, அப்புறம் புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில்தான் நினைவுப் பொருட்கள். ஒரு வகையில் வீட்டில் இருக்கும் அத்தனையையும் ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மனசு துள்ளினால் வைத்துக்கொள்ளலாம். துள்ளாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

குவிப்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. இரண்டு பீரோ, கட்டிலுக்கு அடியில் கிடந்த சூட்கேஸ், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது என எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டியபோது, எனக்கு எத்தனை கறுப்பு லெகிங்ஸ் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தனித்தனி இடத்தில் இருந்தவரை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று போலத்தான் தோன்றியது. அன்று மட்டும் எங்கள் மூன்று பேர் துணியில் ஏறக்குறைய பாதி குறைந்தது. பையனின் டீ-ஷர்ட்டுகளைச் சின்னதாக மடித்து டிராயரில் நிறுத்தி வைக்கும் வழக்கம் இன்றுவரை கலையவில்லை. ஒன்றை எடுத்தால் மற்றது சரியாது என்பதால் அவனே எடுத்துக்கொள்கிறான். பட்டுப்புடவைக்கு மட்டும் நம் பாட்டிமார் வழிதான். அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றி மடிக்காவிட்டால், ஜரிகை மடிப்போடு மடிப்பாக இற்றுவிடும்.

அந்தக் குவியலின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை நிறைய ப்ளவுஸ் பிட் கிடைத்தது. எண்ணினால் 41. நவராத்திரி, வரலட்சுமி விரதம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. ஒன்றுகூடத் தைக்கவில்லை. ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் கறை, இன்னொன்றின் மடிப்புக்குள் காய்ந்த குங்குமம். இதைக் கையில் எடுத்தால் மனசு துள்ளுமா? துள்ளாது. தூக்கிப் போடவும் கை வராது. காரணம், அவற்றை நம் பொருள் என்றே நாம் நினைப்பதில்லை. யாரோ நமக்கு வைத்துக் கொடுத்தது, நாம் இன்னொருவருக்கு வைத்துக் கொடுக்க வேண்டியது, நடுவில் கொஞ்ச காலம் நம் பீரோவில் தங்குகிறது. கொண்டோவின் கேள்விக்குள் இப்படி ஒரு பொருளுக்கு இடமே இல்லை. பத்து நல்ல பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தெரிந்த தையல்கார அக்காவிடம் கொடுத்தேன். லைனிங்குக்கும் சின்னக் குழந்தைகளின் பாவாடைக்கும் ஆகும் என்று வாங்கிக்கொண்டார். இனி நவராத்திரிக்குப் பழமும் பூவும் மட்டும் வைத்துக் கொடுத்தால் போதும் என்று அத்தையே சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிய நிம்மதி.

தனக்கு மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை முன்போல் ஒழுங்காக வைத்திருக்க முடியவில்லை, குழந்தைகளோடு செலவிடும் நேரமே முக்கியம் என்று 2023இல் கொண்டோவே சொன்னார். அதைப் படித்தபோது அவர்மேல் மதிப்பு கூடியது.

சமையலறைக்கு வந்தால் கொண்டோ உதவவில்லை. ஜல்லிக் கரண்டியைப் பார்த்து மனசு துள்ளாது, ஆனால் அது இல்லாமல் பூரி எடுக்க முடியாது. அங்கே கைகொடுத்தது அட்டைப்பெட்டி முறை. அமெரிக்காவில் ரையன் நிக்கோடெமஸ் என்பவர் தன் வீட்டில் செய்து பார்த்தது இது. வீடு மாறப்போவது போல எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட வேண்டும். தேவைப்படும்போது தேவைப்படுவதை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். 21 நாள் கழித்துப் பார்த்தபோது 80 சதவீதப் பொருட்கள் பெட்டியிலேயே இருந்தன என்கிறார் அவர்.

எங்கள் வீட்டில் முதல் நாளே குக்கர், தோசைக்கல், பால் பாத்திரம், காபி ஃபில்டர், நாலு டபரா டம்ளர், அஞ்சறைப் பெட்டி வெளியே வந்துவிட்டன. இட்லிப் பானை ஞாயிற்றுக்கிழமை வந்தது. 21 நாள் முடிந்தபோது உள்ளேயே இருந்தவை மூன்று ஹாட்பேக், பிரிக்காத பீங்கான் கப் செட் இரண்டு, ஹோட்டல் சாம்பார் வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு மூட்டை. வேண்டுமா வேண்டாமா என்று யாரும் வாதாடவே இல்லை. நான்கு வழிகளில் சண்டை வராமல் முடிந்தது இது ஒன்றுதான்.

ஆனால் 21 நாள் கணக்கு நம் ஊருக்கு ஆகாது. தேன்குழல் அச்சு கோகுலாஷ்டமிக்கும் தீபாவளிக்கும்தான் வெளியே வரும். அகல் விளக்கு கார்த்திகைக்கு, வெண்கலப் பானை பொங்கலுக்கு, கொலு பொம்மை நவராத்திரிக்கு. நம் வீட்டுச் சாமான் பண்டிகையோடு சுற்றி வருவது. அதனால் நாங்கள் இரண்டு தவணையாகப் பிரித்துக்கொண்டோம். 21 நாளில் வெளியே வராதது சமையல் மேடையிலிருந்து பரணுக்குப் போகும், பெட்டிமேல் தேதியோடு. ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரை வெளியே வராதது வீட்டை விட்டே போகும். போகியை நான் இப்போது இப்படித்தான் பயன்படுத்துகிறேன்: பெட்டியின் கெடு முடியும் நாளாக.

நான்காவது வழியை எங்கள் வீட்டில் பெயர் சொல்லி அழைக்க முடியாது. சுவீடன்காரர்கள் அதை டோஸ்டேட்னிங் என்கிறார்கள். 'டோ' என்றால் சாவு, 'ஸ்டேட்னிங்' என்றால் சுத்தம் செய்வது. தனக்குப் பிறகு பிள்ளைகள் சாமானோடு மல்லுக்கட்டக் கூடாது என்று, வயதானவர்கள் கைகால் நன்றாக இருக்கும்போதே தங்கள் பொருட்களைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்து முடிப்பது. 2017இல் மார்கரெட்டா மாக்னுசன் எழுதிய புத்தகத்தால் வெளியுலகுக்குத் தெரிந்தது. பெரிய சாமானில் தொடங்கி, புகைப்படத்தையும் கடிதத்தையும் கடைசியில் தொடச் சொல்கிறார். புகைப்படத்தில் உட்கார்ந்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

அதுவரை நான் அத்தையிடம் தப்பான கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "இது வேணுமா அத்தை?" என்றால் எப்போதும் ஒரே பதில்: "இருக்கட்டும்." எழுபத்தாறு வயதில் ஒருவரிடம் அப்படிக் கேட்டால் வேறு என்ன சொல்வார்? ஒரு நாள் கேள்வியை மாற்றினேன். "இது யாருக்குப் போகணும் அத்தை?"

அன்று மத்தியானம் அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரை விரலால் தடவிப் படித்தார். கண்ணாடி உள்ளே இருந்தது, எடுத்து வரச் சொல்லவில்லை. இது சீமந்தத்துக்கு வந்தது. இது மாமா முதல் போனஸில் வாங்கியது. ஈயச் சொம்பை மட்டும் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். "இது காலியா அடுப்புல வெச்சா உருகிடும். பெரியவ பொண்ணுக்குத்தான் பக்குவம் தெரியும், அவளுக்குக் கொடுத்துடு" என்றார். அண்டா கும்பகோணத்தில் இருக்கும் தம்பி மகனுக்கு. பித்தளைத் தவலைகள் மூன்றையும் பாத்திரக் கடையில் எடைக்குப் போடச் சொன்னார், அதில் தயக்கமே இல்லை. நான் தொடவே பயந்திருந்த பொருட்கள் அவை. பெயர் சொல்லி, கதை சொல்லி, ஆள் குறித்த பிறகு அத்தைக்கு அவற்றைப் பிடித்துவைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இந்த வழி மெதுவானது. ஒரு மத்தியானத்துக்குப் பத்துப் பொருள் முடிந்தால் அதிகம். அத்தைக்குச் சோர்வாக இருக்கும் நாட்களில் நான் பேச்செடுப்பதே இல்லை. அவசரப்படுத்தினால், நம்மைக் கிளப்பிவிடப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிடும். அந்த எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் எந்தப் பரண் காலியானாலும் பிரயோஜனமில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். அவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது சத்தமில்லாமல் காலி செய்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

போன மாதம் தம்பி மகன் வந்து அண்டாவை எடுத்துப் போனார். ஆட்டோவின் பின்சீட்டில் அண்டா மட்டும் உட்கார்ந்துகொண்டது, அவர் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். அத்தை பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்து, அது இருந்த மூலையைத் துடைத்து, தன் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். சாயங்காலத்தில் அந்த ஜன்னல் வழியாகக் காற்று வரும். மூன்று வருடமாக அண்டா அதை மறைத்துக்கொண்டிருந்தது.