புதுப் பெயின்டுக்கு அடியில் மக்கிய பலகை: பழைய மோட்டார் படகைப் பட்டறையில் கொடுக்கும் முன் படியுங்கள்

பழைய ஃபைபர் மோட்டார் படகு ஒன்றை வாங்கி, மீன்பிடிக்க ஏற்றபடி மாற்றித் தரச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். பேசிய தொகை முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். இன்ஜின் தொங்கும் பின்பலகையை மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி, பளபளவென்று பெயின்ட் அடித்துத் திருப்பித் தந்தார்கள். அந்தப் படகில் என் மகனையும் ஏற்றிக்கொண்டு கரை கண்ணுக்கு மறையும் தூரம் வரை போய் வந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் வேலையை மறைத்த விதத்தைத் தெரிந்துகொண்டால், வேறு எவர் இதைச் செய்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

ஒப்புக்கொண்ட வேலைகள் எழுத்தில் இருந்தன. பின்பலகைக்குள் இருக்கும் பழைய மரத்தை முழுவதும் எடுத்துவிட்டுப் புது மரைன் பிளைவுட் (படகு வேலைக்கான ஒட்டுப்பலகை) வைப்பது, தளத்தைப் பிரித்து அடியிலுள்ள தாங்கிகளைச் சரிசெய்வது, வயரிங் முழுவதும் புதிதாக, மீன் காட்டும் கருவி, உயிர்மீன் தொட்டியும் அதற்குப் பம்பும், தூண்டில் தாங்கிகள், பெட்ரோல் குழாய் மாற்றம், இன்ஜின் சர்வீஸ். நடுவில் பார்க்கப் போனபோதெல்லாம் ஒரே பதில்தான். "அண்ணே, இப்பதான் ரெசின் போட்டிருக்கு, தூசி விழக்கூடாது, அடுத்த வாரம் வாங்க." ரெசின் என்பது ஃபைபரை ஒட்டி இறுக வைக்கும் பசைத் திரவம். கடைசியில் கைப்பேசிக்குப் படங்கள் அனுப்பினார்கள். பழைய மரம் வெட்டி எடுக்கப்பட்டு, புதுப் பலகை கிளாம்ப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. வேலை நடக்கிறது என்று எவரும் நம்பும் படங்கள்.

முதலில் காட்டிக்கொடுத்தது தூண்டில் தாங்கிதான். ஓடும் படகிலிருந்து தூண்டில் விட்டிருந்தபோது பெரிய மீன் ஒன்று கடித்து இழுத்தது. தாங்கி திருகோடு பிய்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தால், மெல்லிய ஃபைபர் தோலில் குட்டைத் திருகு மட்டும் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் தாங்குபலகை இல்லை, போல்ட்டும் நட்டும் இல்லை. இந்த இடத்தில் இப்படி என்றால் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் என்ன செய்திருப்பார்கள் என்ற பயம் அன்றுதான் வந்தது.

அடுத்து மழை. கரையோரம் கட்டிப் போட்டிருந்த படகு, ஒரு இரவு மழையில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓட வேண்டிய அடித்தள பம்பு ஓடவே இல்லை. பம்பு கெடவில்லை, தண்ணீர் ஏறினால் அதை ஓடவிடும் மிதவை சுவிட்சும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த மிதவை சுவிட்சின் கம்பியை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் கொடுத்திருக்கிறார்கள். படகைக் கட்டிவிட்டு மெயினை அணைத்ததும் பம்பு செத்துவிடும். ஆளில்லாத நேரத்துக்காகவே உள்ள பம்பு அது. மிதவை சுவிட்சு மெயினைத் தாண்டாமல், தனக்கென ஒரு ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். உங்கள் படகில் இன்றே சோதிக்கலாம்: மெயினை அணைத்துவிட்டு மிதவையைக் கையால் தூக்குங்கள். பம்பு உறுமவில்லை என்றால் வயரிங் தப்பு.

மற்ற வயரிங்கும் அப்படித்தான். வீட்டுக்கு இழுக்கும் கம்பியைப் போட்டு, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். வெள்ளீயம் பூசாத செம்பு உப்புக்காற்றில் சீக்கிரமே பச்சையும் கறுப்புமாக அரித்துவிடும். அரிப்பு உறைக்குள்ளேயே ஓடும், வெளியே தெரியாது. அதற்காகத்தான் படகு வேலைக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வருகிறது. கம்பியின் முனையைச் சீவிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறமாக இருக்க வேண்டும். என் படகில் உயிர்மீன் தொட்டிப் பம்பைப் போட்டதும் மீன் காட்டும் கருவி அணைந்து அணைந்து வந்தது. காரணம் கருவி அல்ல. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெல்லிய கம்பியை நீளமாக இழுத்ததில் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடுகிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸே இல்லை. படகுகளுக்குத் தரவிதி வகுக்கும் அமெரிக்க அமைப்பான அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சிலின் தரவிதி, மின்சாரம் கிளம்பும் இடத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் வேண்டும் என்கிறது. தனி உறைக்குள் போகும் கம்பிக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. ஃபியூஸ் இல்லாத கம்பி உரசி ஷார்ட் ஆனால் பேட்டரியின் முழு வேகமும் அதில் பாயும்.

அதோடு பெட்ரோல் குழாயைச் சேர்த்து யோசியுங்கள். படகுக்கான பெட்ரோல் குழாயின் மேலேயே ஐஎஸ்ஓ 7840 என்பது போன்ற தரக்குறி அச்சிட்டிருக்கும். தீயைச் சற்று நேரம் தாங்கும் குழாய் என்று பொருள். எனக்குப் போட்டிருந்ததில் எந்த எழுத்தும் இல்லை. தளத்துக்கு அடியில் டேங்க், இணைப்பில் கசிவு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கிவிடும். பக்கத்திலேயே டேப் சுற்றிய, ஃபியூஸ் இல்லாத கம்பிகள். இதை அலட்சியம் என்று சொல்லி என்னால் விட முடியவில்லை.

பின்பலகைக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

ஃபைபர் படகின் பின்பலகை பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஃபைபர் தோல், நடுவில் ஒட்டுப்பலகை என்ற அமைப்பு. இன்ஜினின் எடையும் உந்தலும் மொத்தமாக அதன் மேல்தான். நீர்மட்டத்துக்குக் கீழே சரியாக அடைக்காத ஒரு திருகு ஓட்டை இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து ஆண்டுக்கணக்கில் மரத்தை மக்க வைக்கும். வெளித்தோல் அப்போதும் நன்றாகவே தெரியும். மரைன் பிளைவுட் மக்காது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அதன் பசைதான் தண்ணீரில் பிரியாது, மரம் நனைந்தே கிடந்தால் அதுவும் மக்கும்.

என் படகில் வேகம் கூட்டும்போது இன்ஜின் லேசாகப் பின்னுக்கு ஆடுவதைப் பார்த்தேன். பின்பலகையின் கீழ் மூலைகளில் புதுப் பெயின்டில் முடி போன்ற விரிசல். மீன் காட்டும் கருவியின் சென்சாரைக் கழற்றியதும் அதன் திருகு ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்தது, வடிந்துகொண்டே இருந்தது. அடைப்புப் பசை ஒரு சொட்டுகூட இல்லாமல் நேரே மரத்துக்குள் துளையிட்டிருக்கிறார்கள்.

வேறொரு ஃபைபர் வேலைக்காரரிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே உள்தோலை வெட்டித் திறந்தார். மேல் விளிம்பில், இன்ஜின் போல்ட் ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரியும் இடத்தில் மட்டும், ஒரு சாண் உயரத்துக்குப் புதுப் பலகை. அதற்குக் கீழே முழுக்கப் பழைய மரம், நனைந்த அட்டை போல விரலால் பிய்க்க வந்தது. ஈர மரத்தின் மேலேயே மேட் (ஃபைபர் இழை விரிப்பு) வைத்து ரெசின் பூசியிருந்ததால் புது ஃபைபர் ஒட்டவே இல்லை. கையால் இழுத்ததும் தாளாக உரிந்தது. ரெசின் ஈர மரத்தைப் பிடிக்காது என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். தெரிந்தே செய்த வேலை.

தளத்துக்கு அடியிலும் அதே கதை. மிதப்புக்காக அடைத்திருந்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது, அதை எடுக்காமல் மேலே புதுத் தளம் போட்டு மூடிவிட்டார்கள். காலிப் படகே ஏன் பின்பக்கம் அவ்வளவு அமிழ்ந்து நின்றது என்பது அப்போதுதான் புரிந்தது. இன்ஜின் சர்வீஸுக்கும் பணம் வாங்கியிருந்தார்கள்; கியர் ஆயிலைத் திறந்தால் பால் போல வெளுத்து வந்தது. சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆயிலை மாற்றியிருந்தால் அன்றே பார்த்திருப்பார்கள்.

அனுப்பிய படங்கள் யாருடையவை? பெரிதாக்கிப் பார்த்தேன். படத்திலுள்ள படகில் வடிகால் ஓட்டை ஒரு ஓரத்தில் இருக்கிறது. என் படகில் அது நட்ட நடுவில். வேறு யாருடைய படகையோ காட்டி என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் குரல் மாறியது. "பழைய படகுன்னா அப்படித்தான் இருக்கும், நாங்க என்ன புதுசா செஞ்சு தர்றோம்னா சொன்னோம்?" பிறகு போனையே எடுக்கவில்லை.

பட்டறையில் படகை விட்டிருப்பவர்கள் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மரத்தையும் தளத்தையும் மூடும் முன் நீங்கள் நேரில் நின்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான பணம் என்று எழுத்திலேயே போடுங்கள். படம் அனுப்பினால் படகின் பதிவு எண்ணும் அதே படத்தில் தெரிய வேண்டும். வெட்டியெடுத்த பழைய மரத்தைத் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள். பின்பலகை முழுவதும் மாற்றினார்கள் என்றால் முழு அளவுக்கு மரத்துண்டு இருந்தாக வேண்டும், இல்லை என்றால் கேள்வி கேளுங்கள். டிரெய்லரோடு எடை போட வசதி இருந்தால் வேலைக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளுங்கள். ஊறிய ஃபோம் எடுக்கப்பட்டிருந்தால் எடை கண்டிப்பாகச் சொல்லும்.

ஏற்கெனவே வேலை முடிந்து படகு கைக்கு வந்தவர்கள், இன்ஜினைப் பாதி தூக்கிய நிலையில் வைத்து அதன் கீழ்ப்பகுதியை மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் பின்பலகையையே கவனிக்கட்டும். அது வளைந்து கொடுத்தால் தண்ணீரில் இறக்க வேண்டாம். பிளாஸ்டிக் சுத்தியலால் பின்பலகை முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் உட்பக்கம் கீழ்ப்பகுதியில் சிறிய துளை போட்டு வரும் மரத்தூளைப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் நல்லது, கறுத்த ஈரத் தூள் வந்தால் திறந்தே ஆக வேண்டும். துளையை எபாக்ஸி பசை வைத்து அடைத்துவிடலாம்.

சென்சாரை நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்துவதாக இருந்தால், பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் பின்பலகையில் நிரந்தரமாக ஒட்டி, திருகெல்லாம் அதிலேயே போடச் சொல்லுங்கள். பிறகு எத்தனை முறை கருவியை மாற்றினாலும் மரத்தில் ஓட்டை விழாது. புது வேலைக்காரர் எனக்கு அப்படித்தான் செய்து தருகிறார்.

படகு இப்போது அவரிடம் திறந்த நிலையில் கிடக்கிறது, ஈரம் காய வேண்டும், காய்ந்த பிறகுதான் மரம் வைப்பேன் என்று சொல்லியிருக்கிறார். மக்கிய மரத்துண்டுகள், ஒப்பந்தத் தாள், அவர்கள் அனுப்பிய போலிப் படங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பழைய பட்டறைக்கு எழுத்தில் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் அதையும் எழுதுகிறேன், வராவிட்டால் அடுத்து எடுக்கும் நடவடிக்கையையும் எழுதுகிறேன்.