அந்தமான் 7 நாள் வானிலை அறிக்கை: மழையை விடுங்க, காற்றைப் பாருங்க

மேற்கு மாம்பலத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களை அந்தமானுக்குக் கூட்டிப் போவதுதான் என் தொழில். கிளம்பும் வாரம் வந்துவிட்டால் போனில் ஒரே கேள்விதான்: "தம்பி, அங்க மழையாமே?" பதில் சொல்வதற்கு நான் நம்புவது இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 7 நாள் முன்னறிவிப்பை. காசு கிடையாது, நடுவில் விளம்பரமும் கிடையாது.

செல்போன் ஆப்பைத் திறந்தால் வாரம் முழுக்க இடி மேகப் படம். ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயிலடிக்கும் மழையா, நாள் பூரா விடாத மழையா என்று அதில் தெரியாது. அறிக்கையில் தெரியும். 'ஓரிரு இடங்களில்' என்றால் மழை அளக்கும் நிலையங்களில் அதிகபட்சம் கால்வாசியில்தான் மழை. 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை.

ஆனால் நான் முதலில் படிப்பது மீனவர்களுக்கான எச்சரிக்கையை. அந்தமான் கடலில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று போட்டிருந்தால் ஹேவ்லாக் தீவுக்குப் போகிற படகு கிளம்புவது சந்தேகம்தான். குடை பிடித்துக்கொண்டே செல்லுலார் ஜெயிலைப் பார்த்துவிடலாம். படகு நின்றுவிட்டால் தீவிலேயே மாட்டிக்கொள்வோம், சென்னை விமானமும் போய்விடும். அதனால் கடைசி இரவை எப்போதும் போர்ட் பிளேரில்தான் வைப்பேன். (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. என் மாமிகள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.)

குறை இல்லாமல் இல்லை. அகில இந்திய அட்டவணையில் மொத்தத் தீவுகளுக்கும் ஒரே வரி. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே 700 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தூரம். அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் கடற்பகுதியான பத்து டிகிரி கால்வாய்க்குத் தெற்கே, நிக்கோபாரில் பெய்யப்போகும் மழைக்கு, வடகோடி டிக்லிபூர்க்காரரும் குடையைத் தேட வேண்டியிருக்கிறது. அப்புறம், கடைசி இரண்டு நாள் கணிப்பை வைத்து எதையும் ரத்து செய்யாதீர்கள். அது தினமும் மாறும்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன். அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் மட்டும் காலையும் மாலையும் பார்த்துவிடுங்கள். நம் ஊருக்கு வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் பல அந்தப் பக்கம்தான் உருவாகின்றன.