புதிய லிக்விட் கூலர் சூட்டைக் குறைக்கவில்லையா? வாட்டையும் வேகத்தையும் பாருங்கள்

லிக்விட் கூலர் மாட்டியும் பிராசஸர் 95 டிகிரியில் நின்றால் இரண்டுக்கும் நடுவே பூசிய பேஸ்டைக் குறை சொல்லிக் கழற்றத் தொடங்குவது வீண் வேலை. எவ்வளவு சூடு என்பதைவிட, எத்தனை வாட்டில், எவ்வளவு வேகத்தில் அந்தச் சூடு வருகிறது என்பதுதான் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டும்.

வெப்பத்தையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் மல்ட்டிகோர் சோதனையை ஓடவிடுங்கள். ரைசன் 9 7950எக்ஸ் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. 230 வாட் வரை இழுக்கும். கோர் ஐ9 13900கே-வுக்கு இன்டெல் சொல்லும் உச்ச டர்போ அளவு 253 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பையும் தளர்த்தி வைத்திருக்கும். இவ்வளவு வாட்டில் 95 டிகிரி என்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பவர் வரம்பைப் போட்டாலே போதும். 80 வாட்டிலேயே 95 வந்தால்தான் கூலரில் கோளாறு.

அந்தக் குறைந்த வாட்டிலும் சில நொடிகளில் உச்சத்தைத் தொட்டால், வெப்பம் நீரோட்டத்தில் கலக்கவே இல்லை. பிராசஸர்மேல் பொருந்தும் பிளாக் சரியாக உட்காரவில்லை, அல்லது நீரைச் சுற்றவிடும் பம்ப் ஓடவில்லை. பத்து பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் பிளாக்கும் பம்பும் நலம். நீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டரில் காற்றோட்டம் போதவில்லை.

பம்பை முதலில் பாருங்கள், கழற்றாமலே பார்க்கலாம். பிளாக்கில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். பயாஸில் சும்மா இருக்கும்போதே வெப்பம் 80-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள். மின்சாரத்தை சாட்டா இணைப்பிலிருந்து எடுக்கும் மாடல்களில் அந்தக் கேபிள் விட்டுப்போவது சகஜம். மதர்போர்டு ஹெடரிலிருந்து (ஃபேன் கம்பியைச் செருகும் முனை) எடுக்கும் மாடல்களில் வேறொரு சிக்கல்: அந்த ஹெடர் ஃபேனுக்கான சைலன்ட் அமைப்பில் இருந்தால் பம்புக்குப் போகும் வோல்டேஜ் குறைந்து வேகம் விழுந்துவிடும். அதை முழு வேகத்தில் நிலையாக வையுங்கள். கணினி 'சிபியு ஃபேன் எரர்' என்று நின்றால், சிபியு ஃபேன் ஹெடர் காலியாக இருக்கும். ரேடியேட்டர் ஃபேனையோ பம்பின் வேகக் கம்பியையோ அதில் செருகினால் தீரும்.

பம்ப் சரியென்றால் பிளாக்கைக் கழற்றுங்கள். செம்புத் தட்டில் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியபடியே இருக்கிறதா? இல்லையென்றால் பேஸ்டின் பதிவைப் பாருங்கள்: ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருந்தால் அழுத்தம் சரிந்திருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டில் கூலர் திருகுத் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர், முந்தைய 1200-இல் 75. பிராசஸரும் 1700-இல் தாழ்ந்து உட்காரும். அதனால் பழைய ஸ்டாண்டாஃப்களை (பிளாக்கைத் தாங்கும் திருகுத் தண்டுகள்) போட்டால் இடைவெளி விழும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் பின்தகட்டைக் கழற்றக்கூடாது, சாக்கெட்டைப் பிடித்திருப்பதும் அதுதான். திரும்ப மாட்டும்போது ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, திருகுகளை மூலைக்கு மூலை இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

முதல் சில நாள் களகளவென்ற சத்தம் கேட்டால் பதற வேண்டாம், உள்ளே சிறிது காற்று இருக்கும். நீங்காமல் தொடர்ந்தால் ரேடியேட்டர் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். அதன் மேல்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கேஸின் அடியில் பொருத்தினால் காற்று பம்பில் சேரும். குழாய்ச் சுவர் வழியே நீர் மிக மெதுவாகக் குறைந்துகொண்டே போவதால், மாட்டிய நாளில் தெரியாத இந்தத் தவறு ஓரிரு ஆண்டில் சத்தமாகவும் சூடாகவும் வெளிப்படும். மேல்தட்டில் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன்.

நீண்ட நாள் ஓட்டத்தில் அடிக்கடி வருவது தூசிதான். ஃபேனுக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் படியும், வெளியிலிருந்து தெரியாது. ஃபேனைக் கழற்றினால்தான் முழுதாகச் சுத்தம் செய்ய முடியும். கழற்றாமல் ஊதுவதாக இருந்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபேன் வேகத்தை நீரின் வெப்பத்தோடு இணைக்க வசதி இருந்தால் இணைத்துவிடுங்கள். பிராசஸர் வெப்பத்தோடு இணைத்தால் ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஃபேன் சீறி அடங்கும்.

தூசி இல்லை, பேஸ்ட் புதிது, பம்ப் ஆர்பிஎம்மும் (சுழலும் வேகம்) பழைய அளவே. ஆனாலும் ஒரு குழாய் சுடுகிறது, மற்றது குளிர்ந்திருக்கிறது என்றால் பிளாக்கின் நுண்துளைகளில் படிவு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். மூடிய கூலரைத் திறந்தால் பெரும்பாலும் வாரண்டி போய்விடும். ஆர்பிஎம், வாட், வெப்பம் மூன்றும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து, அப்படியே வாரண்டிக்கு அனுப்புங்கள்.